ஆர்டிஸின் பெல்ட்டில் ஆறாவது துளை

மார்ச் 5, செவ்வாய்

வாய்க்குள் போவதை எல்லாம் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர் ஸ்வோபோடா. ஜனவரியிலிருந்து வயிறு உப்புகிறது. எதனால் என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். சரி, எழுதுகிறேன்.

காலை: இரண்டு முட்டை, கறுப்புக் காப்பி. மதியம்: முட்டைக்கோஸும் மாட்டிறைச்சியும் அடைத்த பன். பிறகு மாட்டுச் சந்தையில் ஏலம் விடும் என் வேலை. நானூற்றுப் பத்து கன்றுகள், மூன்றரை மணி நேரம், மூச்சு விடாமல் கத்தினேன். முடிவதற்குள் வயிறு பானையாகிவிட்டது. இரவு: பாதித் தட்டிலேயே போதும் என்றாகிவிட்டது.

பெல்ட்: நான்காவது துளைக்குத் தளர்த்தியாயிற்று. என் வழக்கம் மூன்றாவது.

மார்ச் 6

டாக்டர் சொன்னதையும் எழுதி வைக்கிறேன். "அம்பத்தெட்டு வயசுல புதுசா உப்புசம் வந்து, மூணு வாரத்துக்கு மேல விடாம இருந்தா, காத்துன்னு நான் முடிவு கட்ட மாட்டேன் வெர்லா." ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். ஸ்கேனுக்குக் கிடைத்த தேதி ஏப்ரல் 9, செவ்வாய். செவ்வாயன்று நான் ஏல மேடையில் இருக்க வேண்டியவள். தேதி மாற்றிக் கேட்க வேண்டும்.

அக்கா ஆர்டிஸுக்கும் காற்று என்றுதான் சொன்னார்கள். சினைப்பையில் புற்றுநோய் இருந்தது. இந்த பெல்ட் அவள் விட்டுப்போனது.

மார்ச் 12, செவ்வாய்

முட்டைக்கோஸ், பீன்ஸ், பால் மூன்றையும் நிறுத்தி ஒரு வாரம். பலன் இல்லை. ஐந்தாவது துளை.

கிளம்பும்போது வழக்கம்போல ஆரின் என் சட்டைப் பையில் தொண்டை மிட்டாயை நிரப்பி அனுப்பினார். முப்பது வருஷமாக ஏல நாள் காலையில் என் கணவர் செய்யும் ஒரே வேலை இதுதான். அதை மட்டும் மறந்ததில்லை.

மார்ச் 16

சனிக்கிழமை. பண்ணைச் சாமான் ஏலம். வெங்காயமும் நிறுத்தியாகிவிட்டது. இனி எதை நிறுத்த? காற்றையா?

மார்ச் 19, செவ்வாய்

ஆறாவது துளை.

அது கடையில் வந்த துளை இல்லை. அவளுடைய கடைசி வருஷம், ஆகஸ்டில், மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து ஆர்டிஸ் ஆணியால் குத்தியது. நான் பக்கத்தில் நின்று, சாப்பாட்டைக் கொஞ்சம் குறை என்று கிண்டல் செய்தேன். அவளும் சிரித்தாள்.

கழிப்பறைக் கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். பயமாக இருக்கிறது. ஆரினிடம் சொல்லவில்லை.

மார்ச் 26, செவ்வாய்

ஏலம் முடிந்து டெல்மர் மேடையைப் பெருக்கினார். கூட்டத்தில் யார் கை தூக்குகிறார்கள் என்று எனக்குக் குரல் கொடுக்கும் மனிதர்; நான் மேடை ஏறுவதற்கு முன்பிருந்தே இங்கே இருக்கிறார். முறத்தைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இருபத்தாறு மிட்டாய்க் காகிதம். எண்ணிட்டேன். கன்னுக்குட்டிகூட இப்படி விடாம மெல்லாதும்மா."

"அது தீனி இல்ல டெல்மர். ஏலச் சுத்தியல் மாதிரி. தொழில் சாமான்."

சொன்ன வாயோடு பையிலிருந்து இந்த நோட்டை எடுத்தேன்.

மூன்று வாரக் குறிப்பையும் புரட்டினேன். கறுப்புக் காப்பிகூட இருக்கிறது. வாய்க்குள் போன மிட்டாய் ஒன்றுகூட இல்லை! கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கத்துகிறேன். அது உள்ளே போகிறது என்றே தோன்றவில்லை. ஜனவரியில்தான் ஆரின் என் பல்லுக்காகச் சர்க்கரை இல்லாத வகைக்கு மாற்றினார். பொட்டலத்தின் பின்னால் எறும்பு எழுத்தில் போட்டிருக்கிறான்: அளவு மீறினால் வயிற்றைக் கலக்கும்.

மார்ச் 27

டாக்டருக்குப் போன் செய்தேன். சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சார்பிட்டால் சரியாகச் செரிக்காதாம். குடலில் புளித்துக் காற்றாகுமாம். மிட்டாயைச் சப்பிக்கொண்டே வேகமாகப் பேசினால் வெளிக்காற்றையும் விழுங்குவோமாம். மிட்டாயை நிறுத்தச் சொன்னார். "ஆனா ஸ்கேன விட்டுடாதீங்க" என்றும் சொன்னார்.

ஆரின் புதுப் பொட்டலத்தோடு நின்றார். நான்தான் காரணமா என்று கேட்டார். பல் நன்றாக இருக்கிறது என்றேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

வெறும் தண்ணீர். முந்நூறாவது கன்றில் குரல் உடைந்தது. விலை உடையவில்லை. மூன்றாவது துளை!

ஏப்ரல் 3

வயிறு இறங்கிவிட்டது. பிறகு ஸ்கேன் எதற்கு? அதுவும் ஏல நாளில்? ரத்து செய்ய எண்ணைக்கூட அழுத்திவிட்டேன். மணி அடிக்கிறது.

ஆர்டிஸுக்கும் அந்த ஜூனில் பத்து நாள் வயிறு இறங்கியது. சோதனை வேண்டாம் என்று ரத்து செய்தாள். கை நிறைய வேலை என்றாள். போன் போட்டு அவள் கையில் கொடுத்தது யார்? நான்தானே. நான்தான் கொடுத்தேன் —

போனை வைத்துவிட்டேன்.

இரவுச் சாப்பாட்டின்போது ஆரினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆறாவது துளையையும்.

ஏப்ரல் 9, செவ்வாய்

ஸ்கேன். மேடைக்கு டெல்மர் பக்கத்து மாவட்டத்திலிருந்து ஒருவனைப் பிடித்துவிட்டார். ஆரின் வெளியே உட்கார்ந்து ஒரே பழைய பத்திரிகையை மூன்று தடவை படித்தார்.

ஏப்ரல் 12

ஒன்றும் இல்லை. ரத்தமும் சரியாக இருக்கிறது. எனக்கு வந்தது நிஜமாகவே காற்றுதான்.

ஆர்டிஸுக்கும் அதைத்தான் சொன்னார்கள்.

ஏப்ரல் 16, செவ்வாய்

முட்டை, காப்பி. மிட்டாய் இல்லை. மூன்றாவது துளை.

வாசலில் ஆரின் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். பெல்ட்டின் நுனி தொங்குவதைப் பார்த்து, "அந்த ஓட்டை இருக்கற துண்ட வெட்டி எடுத்துடட்டுமா?" என்று கேட்டார்.

வேண்டாம், அது இருக்கட்டும் என்றேன்.