அம்மாவின் செயலிக்கு என் வயது

என்னைப் பெற்ற மகராசியே,

உன்மேல் கோபமாக இருக்கிறேன். நீ போய் ஆறு மாதம் ஆகிறது, இன்னும் தணியவில்லை.

நேற்று ஒரு கடிதம் வந்தது. முப்பது வயதுக்குள் நிறுவனம் தொடங்கிச் சாதித்தவர்கள் பட்டியலில் என் பெயர் இருக்கிறதாம், சென்னையில் மேடை போட்டு விருது தருகிறார்களாம். கொல்லிமலையிலிருந்து இறங்கும் லாரிகளில் எதில் இடமிருக்கிறது என்று விவசாயிக்குச் சொல்லும் செயலியை இருபத்து நாலு வயதுப் பெண் உருவாக்கினாளாம். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

எவள் உருவாக்கினாள்? காளப்பநாயக்கன்பட்டி லாரி புக்கிங் ஆபீஸில் இருபது வருடம் போன் எடுத்தவள் நீ. நாற்பத்தெட்டு வயதில் என் காலேஜ் கம்ப்யூட்டர் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "இதென்ன கண்ணு, இந்த வரி எதுக்கு?" என்று என் உயிரை வாங்கியவள் நீ. நான் பாஸ் பண்ணத்தான் படித்தேன்.

வளைவுகளில் இறங்கும்போது நடுவில் நிறுத்திப் பிரேக்கை ஆறவிடாத டிரைவருக்கு நம் செயலியில் லோடு காட்டாது. எனக்கு அது தோன்றியிருக்குமா? தூரத்தையும் வாடகையையும்தான் பார்த்திருப்பேன். யார் நிறுத்துவான், யார் பறப்பான் என்று இருபது வருடம் போனில் திட்டு வாங்கித் தெரிந்துகொண்டவள் நீ. பலாப்பழம் ஏற்றுகிறவர்கள் அதற்காகத்தான் நம்மை நம்பினார்கள்.

அப்புறம் ஏனம்மா அன்றைக்கு அப்படிச் செய்தாய்? முதலீடு கேட்டுக் கோயம்புத்தூர் போனோமே. அந்த மனிதர் உன்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "ஃபவுண்டர் நீங்கதானே மேடம்?" என்றார். நான் உன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தவள். நீ சிரித்துக்கொண்டே, "ஆமாங்க, பாப்பாதானுங்க. நான் சும்மா துணைக்கு வந்தனுங்க" என்றாய்.

சும்மாவா? பஸ்ஸில் திரும்பும்போது கேட்டால், "அம்பது வயசுக்காரிய நம்பி யாரு சாமி வருவாங்க? வேலை நடக்கட்டும், உடு" என்றாய். யார் உனக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தது? இருபது வயதில் ஆரம்பித்தால்தான் மூளை வேலை செய்யுமா? அந்த வயதில் ஆரம்பித்துத் தோற்றவர்களின் படத்தை எந்தப் பத்திரிகையும் போடுவதில்லையே.

உன்னை மட்டும் திட்டி என்ன? நானும் வாயைத் திறக்கவில்லை. மேடம் என்று கூப்பிட்டது எனக்கு இனித்தது. அதை நினைத்தால் என்மேல்தான் அதிகம் எரிகிறது.

இன்று காலை விருதுக்காரர்களுக்குப் போன் செய்தேன். செயலியை உருவாக்கியது என் அம்மா, ஐம்பத்திரண்டு வயதில் மாரடைப்பில் போய்விட்டாள் என்றேன். "ஐயோ, சாரி மேடம். மேடையில அம்மாவுக்கு ஒரு நன்றி சொல்லிடுங்க, போதும்" என்கிறான் போனை எடுத்தவன். நன்றியாம்! வாயில் நன்றாக வந்தது. விருது வேண்டாம் என்று வைத்துவிட்டேன். என்னை நிறுவனர் என்று நம்பி முதலீடு போட்டவர் இனி விலகலாம். விலகினால் செயலி இந்த மலையோடு நின்றுவிடும். பயமாகத்தான் இருக்கிறது.

ஆனாலும் கேட்டுக்கொள். செயலியைத் திறந்ததும் தெரிகிற என் படத்தைத் தூக்கிவிட்டு உன் படத்தைப் போடுகிறேன், நரைத்த தலையோடு, வயதோடு. எவன் வந்து சொன்னாலும் எடுக்க மாட்டேன். இது சத்தியம்.

நிறுவனர் அல்ல,
பழனியம்மாளின் மகள்
கவிதா