வன்தட்டில் பாதி கேட்டவருக்கு

கணினி மேசையை நகர்த்தியபோது சுவரோரம் விழுந்து கிடந்த உங்கள் நோட்டை வெள்ளையடிப்பவர் எடுத்துக் கொடுத்தார். திறந்ததும் உங்கள் மூக்குப்பொடி வாசனை. அதில் ஒரு பக்கத்தைப் படித்ததிலிருந்து எனக்குக் கோபம். நீங்கள் போய் ஆறு மாதமாகிறது என்பதற்காக விட்டுவிடுவேன் என்று நினைக்க வேண்டாம்.

மூலக்குளத்து நண்பர் உங்களுக்கு ஒரு லினக்ஸ் சிடி கொடுத்தார். ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் இருக்கும், எது வேண்டுமோ அதைத் திறக்கலாம் என்று குதித்தீர்கள். அதற்கு வன்தட்டில் விண்டோஸ் பிடித்திருக்கும் இடத்தைச் சுருக்க வேண்டுமாம்.

"பாதி எனக்குக் குடும்மா. உன் சாமானெல்லாம் ஒரு ஓரமா ஒதுங்கிக்கும், அவ்ளோதான்."

"எங்கப்பா லெட்டர் இருக்குது அதுல. கை வெச்சீங்க, நடக்கறதே வேற."

"உங்கப்பாவ நான் தொடல தாயே. அவரு சைகோன்லயே இருக்கட்டும்."

சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த அப்பா அம்மாவுக்கு எழுதிய நாற்பத்தொரு கடிதங்கள். ஒரு வருடம் உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். அசல் தாள்களை அம்மாவின் சவப்பெட்டியில் வைத்தேன். அது அவள் கேட்டுக்கொண்டது. மிச்சம் இருந்தது கணினியில் மட்டும்தான். தெரிந்தும், எனக்குச் சொல்லாமல், நகலும் எடுக்காமல் கை வைத்தீர்கள்.

அந்த ஞாயிறு நான் பூசை முடிந்து வந்தபோது கணினி முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தீர்கள். "எல்லாம் போயிடுச்சும்மா. தட்ட பிரிக்கும்போது நான்தான் தப்பு பண்ணிட்டேன்" என்றீர்கள்.

இரண்டு வருடம் அதைச் சொல்லிக் காட்டினேன். விருந்தாளிகள் முன்னால்கூட, "இவரு கையில எதக் குடுத்தாலும் ரெண்டா ஒடச்சித்தான் குடுப்பாரு" என்பேன். நீங்கள் குனிந்து ரசம் ஊற்றிக்கொள்வீர்கள். மருத்துவமனையில் மூக்கில் குழாயோடு கிடந்தபோதும் ஒருமுறை சொன்னேன். சிரித்தீர்கள்.

நோட்டில் பென்சிலால் எழுதியிருக்கிறீர்கள்: "5.10 சுருக்க ஆரம்பித்தது. அவள் ஒன்பது மணிப் பூசைக்குத்தான் போவாள், அதற்குள் முடிந்துவிடும். 5.40 திரையை மட்டும் அணைத்துவிட்டுக் கடற்கரைக்கு. 6.50 திரும்பினேன். வீடு பூட்டியிருக்கிறது. ஆறு மணிப் பூசைக்கே போய்விட்டாள். மெயின் சுவிட்சை அணைத்திருக்கிறாள். வேலை பாதியில் நின்று, தட்டில் ஒன்றும் படிக்க முடியவில்லை. அவளிடம் சொல்ல வேண்டாம்."

கடைசியாக வீட்டைப் பூட்டுபவர் மெயினை அணைக்க வேண்டும் என்பது நாற்பது வருடமாக நான் வைத்திருக்கும் சட்டம். அன்று பாட்டுக்குழுவில் ஒருத்திக்குக் காய்ச்சல் என்று முதல் பூசைக்கு ஓடினேன். அப்பாவின் கடிதங்களை என் கையாலேயே அணைத்துவிட்டுப் போய், ஆண்டவர் முன்னால் பாட்டும் பாடியிருக்கிறேன்.

யார் கேட்டார்கள் உங்களிடம் இந்தப் பெருந்தன்மையை? தப்பு செய்தவள் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் மடத்துப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நான் அதற்குத் தயங்கியதில்லை. நான் தாங்கமாட்டேன் என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்? சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். அப்புறம் நகல் எடுக்காததற்கு உங்களைத் திட்டியிருப்பேன். ஒரு வாரத்தில் இருவரும் காப்பி குடித்திருப்போம். அதை விட்டு, அந்த இரண்டு வருடமும் என் தப்புக்கு உங்களையே குத்திக் காட்ட வைத்துவிட்டீர்கள்.

மதியமே கல்லறைக்கு வந்தேன். பூ வாங்கவில்லை. நேராக நின்று, "பர்தோன்" என்று சத்தமாகச் சொன்னேன்.

பக்கத்துக் கல்லறையைக் கழுவிக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். "என்னையாம்மா கூப்ட்டீங்க?"

"இல்ல. வீட்டுக்காரர்கிட்ட மன்னிப்பு கேட்டேன்."

"அவருக்குக் கேட்டிருக்கும், உடுங்க."

"கேட்டிருந்தாலும் சொல்ல மாட்டாரு. அதான் அவரு பழக்கம்."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். கோபம் என்னோடுதான் வீட்டுக்கு வந்தது.