ஆஃப் என்றால் எந்த ஆஃப்

ஜனவரி 6, திங்கள்

இன்று வீட்டில் இருந்தவர்கள்: நான், இவர், மருமகள், பிளம்பர், மொட்டை மாடியில் துணி எடுக்க வந்த பக்கத்து வீட்டு அம்மாள். எழுதி வைக்கிறேன். நாளைக்கு ஒருத்தரும் நான் அந்த இடத்திலேயே இல்லை என்று நழுவக் கூடாது. என் தலையில் எல்லாம் இருக்கிறது, இருந்தாலும் தாளிலும் இருக்கட்டும்.

குளியலறையில் சுடுதண்ணீர் ஹீட்டருக்குப் போகிற குழாய் சுவருக்குள்ளே கசிகிறது. அந்தச் சுவருக்கு மறுபக்கம்தான் சுவிட்ச் போர்டு, அதற்குக் கீழே இன்வெர்ட்டர். இன்வெர்ட்டர் இந்த வீட்டில் மின்விசிறிக்காக இல்லை. இவருடைய மெஷினுக்காக. இவருக்கு நுரையீரல் பாதிதான் வேலை செய்கிறது. மூக்கில் குழாய், குழாயின் மறுமுனையில் ஆக்ஸிஜன் மெஷின். கரண்டு போனால் இன்வெர்ட்டர், அதுவும் போனால் மூலையில் நிற்கும் சிலிண்டர்.

பிளம்பர் சுவரைத் தட்டிப் பார்த்தான். "நாளைக்கு சாமானோட வந்து மாத்திடுறேன்மா. அப்புறம் ஒரு சொட்டு விழாது." எந்த வீட்டிலும் இதையேதான் சொல்வான், அதனால் அவனுக்குப் பெயரே சொட்டு. அவன் மாற்றிய சமையலறைக் குழாயில் எத்தனை சொட்டு விழுந்தது என்று எனக்குத் தெரியும்.

ஹீட்டர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டான். மெஷின் பக்கத்தில் நெருப்பு ஆகாது, ஆகவே சமையலறையில் வெந்நீர் வைத்து நானே தூக்கி வந்தேன். "ஒரு நாள் குளிக்காட்டி என்ன, நான் என்ன மாப்பிள்ளையா?" என்றார். மாப்பிள்ளையாக இருந்தபோதும் குளிக்க இதே அடம்தான் என்றேன். சிரித்தார், அப்புறம் இருமினார்.

சாயங்காலம் சொட்டு போன் பண்ணினான். போன் இவர் பக்கத்தில் இருந்தது, இவரே எடுத்துப் பேசினார். "தண்ணி வர்ற வால்வை ஆஃப்ல வைக்கச் சொல்றான். பாதி திருப்பினா போதுமாம்." போய்ப் பாதி திருப்பிவிட்டு வந்தேன்.

ஜனவரி 7

ஒரு கண்ணை இவர் மேல் வைத்துக்கொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணினால் கோணட்டும்.

காலையில் நான் மாடியில் போர்வை காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மருமகள் கடைக்குப் போயிருந்தாள். இரவெல்லாம் சுவருக்குள் ஊறிய தண்ணீர் போர்டுக்குள் இறங்கிவிட்டது. கரண்டு போனது. கீழே இன்வெர்ட்டரும் நனைந்து அணைந்துவிட்டது. மெஷின் நின்றது.

"வாசல்லயே கேட்டுச்சு அத்தை, மெஷின் பீப் பீப்னு கத்துறது" என்கிறாள் மருமகள். செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடியிருக்கிறாள். உதடு சாம்பல் நிறமாக இருந்ததாம். சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றிவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டாள். படியில் எப்படி இறங்கினேன் என்று கேட்டால் தெரியாது. மூட்டு வலிக்கிறது என்று படியேறவே யோசிக்கிறவள் நான்.

பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுத்து மெஷினை ஓடவிட்டோம். கொஞ்சம் நிறம் வந்த பிறகு கேட்டேன். மெஷின் அந்தக் கத்துக் கத்துதே, ஒரு குரல் கொடுக்கக் கூடாதா?

"கண்ணசந்துட்டேன்."

மூக்குக் கண்ணாடி போட்டபடி, பேப்பரை விரித்துப் பிடித்தபடி யார் கண்ணசருவார்கள்?

சொட்டு ஓடி வந்தான். வால்வைப் பார்த்துவிட்டு, "பாதிதானே மூடியிருக்கு" என்றான். நீதானேடா பாதின்னு சொன்ன என்று பிடித்துக்கொண்டேன். அவன் இவரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "ஆமாம்மா, நான்தான் சரியா சொல்லல."

அவனை ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டேன்.

ஜனவரி 8

பாதிக்கும் ஆஃப். நிறுத்துவதற்கும் ஆஃப். எவன் வைத்த பெயர் இது? நான் படித்தது ஐந்தாவது. இந்த வம்பெல்லாம் அதற்கு மேல் வகுப்பில் போலிருக்கிறது.

ஜனவரி 9

மருமகள் பெரியவனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். உயிரைக் காப்பாற்றியவள் என்பதால் திட்ட முடியவில்லை. ஆனால் குறித்துக்கொண்டேன்.

பெரியவன் என்னோடு பேசினான். "அப்பாவை நான் கூட்டிட்டுப் போறேன்மா. இங்க ஜெனரேட்டர் இருக்கு, லிஃப்ட் இருக்கு, எந்நேரமும் ஆள் இருக்கு."

"நான்?"

"இங்க இருக்கிறது ரெண்டு ரூம். நீ கொஞ்ச நாள் தம்பி பொண்டாட்டிக்குத் துணையா இரு. அவனும் வேலை வேலைன்னு வெளியூர்லயே இருக்கான்."

கொஞ்ச நாள். இவருக்கு இருக்கிறதே கொஞ்ச நாள்தான் என்று டாக்டர் சொன்னது இவனுக்கும் தெரியும். அதை நான் இல்லாமல் அங்கே கழிக்கட்டும் என்கிறான்.

இவரிடம் சொன்னேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை இல்லை. போவதற்கு ஆசையோ என்னவோ. இருக்கட்டும்.

ஜனவரி 11

சொட்டு குழாய் மாற்ற வந்தான். அவன் சுவரை உடைக்க உடைக்க நான் அவனை உடைத்துக்கொண்டிருந்தேன். உன் ஒரு சொல்லால ஒரு குடும்பமே ரெண்டாகுது, தெரியுமா? ரொம்ப நேரம் பொறுத்தான். கடைசியில் உளியைக் கீழே வைத்தான்.

"அம்மா, கோச்சுக்காதீங்க. முழுசா ஆஃப் பண்ணுங்க, முழுசான்னு கத்திச் சொன்னேன். ஐயாவுக்குக் கேட்கவே இல்ல. கேட்கலன்னு சொல்லவும் மாட்டேங்கிறார். நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டாமேன்னுதான்..."

கூடத்துக்குப் போனேன். இவர் நாற்காலிக்குப் பின்னால், இடது பக்கம் நின்றேன். "வீடு தீப்பிடிச்சு எரியுது" என்றேன், சாதாரணக் குரலில். பேப்பரின் பக்கத்தைத் திருப்பினார்.

வலது பக்கம் போய்ச் சொன்னேன். "எங்க?" என்று எழுந்துவிட்டார்.

செவிடன் காதில் ஊதின சங்கு என்று எத்தனை தடவை இவரைச் சொல்லியிருப்பேன். அப்போதெல்லாம் அது வெறும் வசவு.

உட்கார்ந்து யோசிக்க யோசிக்க ஒவ்வொன்றாக அவிழ்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டே, "வந்துட்டீங்களே, அது போதும்" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்காக அந்த மழைக்காலம் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை நான். என் தங்கை போன அன்று அடுப்படியில் நின்று அழுதேன், கூப்பிட்டேன், வரவில்லை. அதையும் வைத்திருந்தேன். ஜன்னலைப் பார்த்தாரே, முந்தாநாள்.

ஐயோ, என்ன மனுஷி நான். என்ன மனுஷர் இவர்.

"எப்ப இருந்து?" என்று கேட்டேன்.

"எது?"

"காது."

"நீ கத்துறப்ப நல்லாத்தான் கேட்குது" என்றார். தலையைத் தூக்கவில்லை. நான் மேலே கேட்கவில்லை. பெரியவனுக்கு இது தெரிந்தால் நாளைக்கே பெட்டி கட்டிவிடுவான். ஆகவே தெரியக் கூடாது.

சொட்டுக்குக் காப்பி கொடுத்தேன். சர்க்கரை கூடப் போட்டு.

ஜனவரி 12

எலக்ட்ரீஷியன் வந்தான். போர்டையும் இன்வெர்ட்டரையும் வாசல் பக்கத்துச் சுவருக்கு மாற்றினான். அந்தச் சுவரில் குழாயே கிடையாது. இன்வெர்ட்டரை உயரமான ஸ்டாண்டில் வைக்கச் சொன்னேன், தரையில் வெள்ளமே வந்தாலும் தொடாத உயரம்.

பிறகு ஒரு சிவப்பு பல்பு கேட்டேன். இவர் பேப்பர் படிக்கும்போது கண்ணுக்கு நேரே. கரண்டு போனாலும், மெஷின் நின்றாலும் எரிய வேண்டும். அதோடு சேர்ந்து சமையலறையிலும் மாடிப்படி உச்சியிலும் ஒரு பெல் அடிக்க வேண்டும். இரண்டுக்கும் தனியாகச் சின்ன பேட்டரி.

"எல்லாரும் கரண்டு வந்தா எரியுற பல்புதான் கேப்பாங்க" என்றான். "மெஷினே கத்துமேம்மா, இது எதுக்கு?"

"எனக்கு அது கத்துற சத்தம் பிடிக்கல."

"பெல் சத்தம் மட்டும் பிடிக்குமா?"

"உன் வேலையைப் பாரு."

மருமகள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏணியை மட்டும் பிடித்துக்கொண்டாள். நல்ல பெண்தான். குறித்ததை அடித்துவிட்டேன்.

ஜனவரி 18

பெரியவன் வந்தாயிற்று. இவருக்கென்று புதுப் பெட்டி ஒன்று, சக்கரம் வைத்தது. அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

நான் இவருடைய வலது பக்கமே உட்கார்ந்திருந்தேன், ஒட்டினாற்போல. பெரியவன் ஏதாவது கேட்டால் உடனே நான், "என்ன கேக்குறான்? ராத்திரி தூக்கம் வருதான்னு கேக்குறான், பதில் சொல்ல வாய் வலிக்குதா?" என்று அதட்டுவேன். இவர் பதில் சொல்வார். நான் கத்துவது இந்த வீட்டில் யாருக்கும் புதிதில்லை. என் வாய் ஒரு நல்ல காரியத்துக்கு உதவும் என்று என் மாமியாரே நம்பியிருக்க மாட்டாள்.

ஜனவரி 19

பெரியவன் இன்று இடது பக்கம் உட்கார்ந்து பேச ஆரம்பித்தான். காப்பியைக் கொட்டிவிட்டேன். எழுந்து இடம் மாறினான். சட்டைக் கறை போகவில்லை.

ஜனவரி 20

மத்தியானம் தானாகவே கரண்டு போனது. நான் மாடியில் இருந்தேன். பெல் அடித்தது. பாதிப் படி இறங்கும்போதே தெரிந்துவிட்டது, மெஷின் ஓடும் சத்தம் நிற்கவில்லை. கூடத்தில் சிவப்பு பல்பு எரிகிறது. இவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார், எல்லாம் சரி என்று. மருமகள் சமையலறையிலிருந்து வந்து சிலிண்டர் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

பெரியவன் வாசற்படியில் நின்று எங்கள் மூன்று பேரையும் பார்த்தான். பல்பைப் பார்த்தான். வெகுநேரம் பல்பையே பார்த்தான்.

ஜனவரி 22

காலையில் பெரியவன் கிளம்பினான். புதுப் பெட்டியை இங்கேயே வைத்துவிட்டான், குளிர்காலத் துணி வைத்துக்கொள்ளச் சொல்லி.

கேட் வரை போனேன். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான். "எனக்கு ஏற்கெனவே தெரியும்மா. போன வருஷம் என்கிட்ட வந்திருந்தப்ப காது டாக்டர்கிட்ட நான்தான் கூட்டிட்டுப் போனேன். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், பயந்துருவான்னு சத்தியம் வாங்கிக்கிட்டார். மெஷின் கத்துறது அவருக்குக் கேட்காது. கேட்காதுன்னு உனக்கும் தெரியாது. அதுக்குத்தான் கூட்டிட்டுப் போகணும்னு நின்னேன். இப்பதான் உனக்குத் தெரிஞ்சிருச்சே."

"அப்ப நாலு நாளா நான் கத்தினது?"

"அப்பாதான் சொன்னார், விடுடா, ஆசையா பண்றா, பண்ணட்டும்னு."

உள்ளே வந்தேன். இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பரைப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டு வலது பக்கம் உட்கார்ந்தேன். ஏன் என்கிட்ட சொல்லல? பிள்ளைக்குச் சொல்லலாம், எனக்குச் சொல்லக் கூடாதா?

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "சொன்னா நீ திட்டறதை நிறுத்திடுவே. நோயாளிகிட்ட பேசற மாதிரி பேசுவே. வர்றவன் போறவன் எல்லாம் என்கிட்ட அப்படித்தான் பேசறான்."

"கேட்காத திட்டு எதுக்கு உங்களுக்கு?"

"முகத்தைப் பார்த்துப்பேன். திட்டுறியா கொஞ்சுறியான்னுதான் தெரியாது. உனக்கு ரெண்டுக்கும் ஒரே முகம்."

நாளைக்குக் காது டாக்டரிடம் போகிறோம். மருமகள் வண்டி சொல்லிவிட்டாள். சிலிண்டர் பின் சீட்டில், நான் வலது பக்கம்.

சொட்டை மன்னித்தாயிற்று, பெரியவனையும். வயிற்றில் பிறந்தவன், வேறு வழியில்லை. மன்னிக்கவே முடியாதது ஒருத்தரைத்தான்.

இவரை.