மொட்டை போய்க் கொண்டை வந்த கதை

மார்ச் 3, செவ்வாய்

நான் ஒரு புது இனம் கண்டுபிடித்துவிட்டேன்! (உண்மையில் கண்டுபிடித்தவர்கள் மழைக்காட்டில் மூன்று வாரம் நனைந்து, அட்டைக்கு ரத்தம் கொடுத்தவர்கள். நான் அவர்கள் அனுப்பிய பெட்டியைத் திறந்தேன். ஆனாலும்!)

இருபத்திரண்டு வருடமாக இந்த அருங்காட்சியகத்தில் அடுத்தவர் பெயர் வைத்த வண்டுகளுக்கு லேபிள் ஒட்டுகிறேன். எனக்கென்று ஒரு கொசு கூடக் கிடையாது. சிலந்திப் பிரிவுக்காரர் ஓய்வு பெற்றுப் போனதால் பெட்டி என் மேசைக்கு வந்தது. உள்ளே இரண்டு டாரன்டுலா சிலந்திகள், இரண்டும் பெண். ஒன்று ஸ்பிரிட் பாட்டிலில். இன்னொன்று பிளாஸ்டிக் டப்பாவில், உயிரோடு, உள்ளங்கை அகலத்துக்கு, முழங்கால்களில் ஆரஞ்சுக் கோடு போட்டுக்கொண்டு. இரண்டுக்குமே வயிற்றின் பின்புறம் பளபளவென்று வழுக்கை! சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

புத்தகங்களில் வழுக்கைச் சிலந்தி எதுவுமே இல்லை. புத்தகத்தில் இல்லாவிட்டால் புதுசு. புதுசென்றால் பெயர் வைக்கலாம்.

மார்ச் 5

தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் தொழிலில் ஒரு மரியாதை. தடுக்கச் சட்டம் எதுவும் இல்லை. வைத்தவனைப் பார்த்து ஆயுசுக்கும் சிரிப்பார்கள், அவ்வளவுதான். நான் என்ன அசடா? 'மொட்டை' என்று வைத்தேன். பெயர்க் காரணம்: முடியில்லாத தலையைக் குறிக்கும் தமிழ்ச் சொல். அலுவலகமே என்னை முதுகுக்குப் பின்னால் மொட்டை சார் என்று சொல்வது உலக அறிஞர்களுக்குத் தெரியவா போகிறது!

மார்ச் 7, சனி

அலுவலக ஏசி அதற்கு ஆகாது என்று டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முன்னறைதான் மனைவியின் 'கொண்டை பியூட்டி பார்லர்'. அலறுவாள் என்று ஆசையோடு காத்திருந்தேன். அவள் என் கையிலிருந்த லென்ஸைப் பிடுங்கிக்கொண்டாள்.

"என்னங்க, இது வழுக்கை இல்ல."

"பின்ன?"

"வழுக்கைன்னா ஓரம் கொஞ்சம் கொஞ்சமா மெலிஞ்சு வரும், உங்களுது மாதிரி. இது காலால தேய்ச்சு உதிர்த்திருக்கு. டப்பாவுல பாருங்க, பூரா முடி."

"நீ மனுஷ முடியப் பாரு. சிலந்திய நான் பாத்துக்கறேன்."

"இதுக்குள்ள கைய விட்டீங்களா? அதான் நாலு நாளா சொறியறீங்க."

கொசு என்றேன். தலையில் டையோடு உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர் அம்மாள்கூடச் சிரித்தார்.

மார்ச் 9

கட்டுரையை அனுப்பிவிட்டேன்! இயக்குநரிடம் சொன்னேன். கேன்டீனில் சொன்னேன். லிஃப்டில் என்னோடு மாட்டிக்கொண்ட முன்பின் தெரியாத ஒருவரிடமும் சொன்னேன். மூன்றாவது மாடிக்குப் போகவேண்டியவர் இரண்டிலேயே இறங்கிவிட்டார்.

மார்ச் 10

சொறிகிறது.

மார்ச் 27, வெள்ளி

பதில் வந்துவிட்டது. கட்டுரையை மதிப்பிட்டவர், உலகத்துச் சிலந்திகளுக்கெல்லாம் பெரியம்மா முறையாகும் ஓர் அம்மையார். சொல்வது இதுதான். இந்த வகைச் சிலந்தி பயந்தால் வயிற்று முடியைக் காலால் உதைத்து எறியும், எதிரிக்கு அரிக்கும். அடுத்த முறை சட்டை உரித்ததும் முடி திரும்ப வந்துவிடும். இது முதலாண்டு மாணவருக்கே தெரியும். 'தாங்கள் வண்டுகளில் வல்லுநர் என்று அறிகிறேன்.'

ஐயோ. அந்தக் கடைசி வரி! அதையே அரைமணி நேரம் படித்துக்கொண்டிருந்தேன்.

புது இனமாக இருக்கலாமாம். ஆனால் ஆணின் விந்தைச் சேர்த்துவைக்க வயிற்றுக்குள் இருக்கும் சிறு பைகளின் வடிவத்தைக் காட்டவேண்டும் — அதுதான் இனத்துக்கு இனம் மாறும் கைரேகை. ஒரு மாதம் கெடு. முடியாவிட்டால் இரண்டையும் அவருக்கு அனுப்பிவிடவேண்டும். அவரே பெயர் வைப்பார். பாட்டில் சிலந்தியில் அந்தப் பையை எடுக்கப்போய், கை நடுங்கி, நான் கிழித்து வைத்திருப்பது அவருக்குத் தெரியாது. உயிரோடு இருப்பதைக் கொன்று அறுக்கலாம். அதையும் கிழித்துவிட்டால்? அதுவும் அது என்னையே பார்க்கிறது — எட்டுக் கண்ணால்!

"அனுப்பிடலாமே சார், எதுக்கு வம்பு?" என்கிறார் இயக்குநர்.

இருபத்திரண்டு வருடத்தில் ஒன்றே ஒன்று கிடைத்தது. அதையும் ஊரெல்லாம் சொல்லித் தொலைச்சேனே! வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தா என்ன?

ஏப்ரல் 6

பத்து நாளாகச் சாப்பிடவில்லை. அதுதான். நான் வழக்கம்போலத்தான்.

ஏப்ரல் 11, சனி

காலையில் மல்லாந்து கிடந்தது. எட்டுக் காலும் வானத்தைப் பார்த்து. "போச்சு, செத்துப்போச்சு!" என்று நான் போட்ட சத்தத்தில் மனைவி கையில் சீப்போடு ஓடிவந்தாள். அழுகிவிடக் கூடாதே என்று ஸ்பிரிட் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"இருங்க இருங்க. செத்திருந்தா காலை மடக்கிக்கும்ல?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"இந்த வீட்டுல எத்தனை சிலந்திய தொடப்பத்தால அடிச்சிருக்கேன்! எல்லாம் காலைச் சுருட்டிக்கிட்டுத்தான் செத்துச்சு. இது நல்லா விரிச்சுப் போட்டிருக்கு பாருங்க. மூடிய மூடுங்க முதல்ல."

மூடினேன். ஒரு மணி நேரத்தில் ஓரமாக விரிசல் விட்டது. அப்புறம் கையுறையிலிருந்து கை வருவது போல ஒவ்வொரு காலாக வெளியே வந்தது. மதியத்துக்குள் பழைய சட்டை ஒருபக்கம், புதுச் சிலந்தி ஒருபக்கம். வயிறு முழுக்கக் கருகருவென்று வெல்வெட் முடி! மொட்டையாம் மொட்டை. எனக்கு ஒரே வயிற்றெரிச்சல்.

"அது சட்டையக் கழட்டினா முடி வருது," என்றாள் மனைவி. "நீங்க கழட்டினா தொப்பைதாங்க வருது."

ஏப்ரல் 12

உரித்த சட்டையில் உள்பைகளின் அச்சும் சேர்ந்தே வந்திருக்குமாம். அம்மையாரின் பழைய கட்டுரை ஒன்றிலேயே இருக்கிறது. கொல்லவே வேண்டாம்! ஆனால் ஈர டிஷ்யூ போலக் கசங்கிக் கிடந்த அதை யார் பிரிப்பது? பாட்டில் சிலந்தியைக் கிழித்த கை என்னுடையது.

"நகருங்க" என்று உட்கார்ந்துவிட்டாள், புருவம் எடுக்கும் இடுக்கியோடு. வெந்நீரில் ஊறவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நாற்பது நிமிடம். ஒரு மயிரிழைகூடக் கிழியவில்லை. லென்ஸ் வழியே பார்த்தவள் கத்தினாள்:

"ஐ! ரெண்டு கொண்டைங்க!"

நான் பார்த்தேன். குட்டையான கழுத்து, மேலே சுற்றி முடிந்த உருண்டை. பக்கத்தில் அதே போல இன்னொன்று. சத்தியமாகக் கொண்டைதான். எந்தப் புத்தகத்திலும் இப்படி இல்லை. இந்த முறை எல்லாப் புத்தகத்தையும் இரண்டு தடவை பார்த்துவிட்டேன். 'மொட்டை'யை அடித்துவிட்டு 'கொண்டை' என்று எழுதினேன்.

ஏப்ரல் 20

அம்மையாரிடமிருந்து ஒரே வரி: 'அருமையான வேலை. பிரித்த கை யாருடையது?'

ஜூலை 18, சனி

கட்டுரை வந்துவிட்டது! ஆசிரியர்கள் இரண்டு பேர். இரண்டாவது பெயர் ஒரு பியூட்டி பார்லர்காரியுடையது. கேன்டீனில் கைதட்டினார்கள்.

வீட்டுக்குத் திரும்பி வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் தலைக்கு மேலே தொங்கும் பார்லர் பெயர்ப்பலகையைப் பார்த்தேன். பன்னிரண்டு வருடமாகத் தினமும் அதற்குக் கீழேதான் குனிந்து நுழைகிறேன்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"என்னங்க?" என்றாள், ஒன்றுமே தெரியாதவள் மாதிரி.

ஜூலை 27

மழைக்காட்டிலிருந்து அடுத்த பெட்டி வந்தது. திறக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அவளுக்கு ஆறு மணி வரை வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.