பச்சைப்பயறு அளவில் இருந்தபோதே

என் அன்புச் செல்வி அக்கா,

போன மாதம் எனக்கும் அந்த காமிரா பரிசோதனை நடந்தது. பின்வழியாகக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பார்களே, அதேதான். குடல் புற்றுநோய் உன்னைக் கொண்டுபோன பிறகு, "கூடப் பிறந்தவங்க கட்டாயம் பாத்துக்கணும்" என்று உன் டாக்டர் சொல்லியிருந்தார். செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறும்போது உன் ஞாபகம்தான்.

உத்திரமேரூரில் ஏறினால், இடம் காலியாக இருந்தாலும் நீ நின்றுகொண்டே வருவாய். "ஒக்காருக்கா" என்றால், "நிக்கறதே நல்லா கீதுடி" என்பாய். பகல் முழுக்க ரைஸ்மில் களத்தில் நெல் கிளறிய கால்களுக்கு நிற்பது எப்படி நன்றாக இருந்திருக்கும்? உட்கார்ந்தால் வலித்ததை மூலம் என்று நினைத்து, துத்திக்கீரையும் மோருமாகவே ஓட்டிவிட்டாய். ரத்தம் போனதை யாரிடமும் சொல்லவில்லை. எங்களிடம் சொல்ல என்ன வெட்கம், அக்கா?

எனக்கு மயக்கம் லேசாகத்தான் கொடுத்தார்கள். எதிரே திரையில், குடலின் ஓரத்தில் பச்சைப்பயறு அளவுக்கு ஒரு மரு.

"கேன்சரா மேடம்?"

"இல்லமா, பாலிப். இப்பவே எடுத்துட்டா கவலையில்ல" என்ற டாக்டர், நர்ஸ் பக்கம் திரும்பினார். "ஃபோர்செப்ஸ் வேணாம், ஸ்னேர் குடுங்க."

"ரெண்டுக்கும் இன்னா மேடம் வித்தியாசம்?"

சிரித்துவிட்டார். "ஃபோர்செப்ஸ் இடுக்கி மாதிரி, கிள்ளி எடுக்கும். ரொம்பப் பொடிசா இருந்தா அது போதும். இந்த சைசுல கிள்ளினா துளி மிச்சம் நின்னுடலாம், திரும்ப வளரலாம். ஸ்னேர்னா சுருக்குக் கம்பி. சுத்தி இருக்கற நல்ல சதையும் கொஞ்சம் சேத்துப் பிடிச்சு முழுசா அறுத்துடும்."

அந்த மெல்லிய வளையம் விரிந்து, மருவைச் சுற்றி இறங்கி, இறுகியது. லேசாக ரத்தம் கசிந்து நின்றது. அவ்வளவுதான் அக்கா. என் கண்ணில் நீர் வழிவதைப் பார்த்து "வலிக்குதாமா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

உன்னுடையதும் ஒரு காலத்தில் இத்தனை சின்னதாகத்தானே இருந்திருக்கும்? அந்தக் கம்பிக்குள் அடங்கும் அளவில் எத்தனை நாள் உனக்குள் இருந்ததோ? இதை நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

ரிப்போர்ட்டில் கெட்டது எதுவும் இல்லை. சில வருஷம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டுமாம்.

நம் தம்பி குமாரையும் இந்தப் பரிசோதனைக்குக் கூப்பிட்டேன். எகிறினான். "எனக்கு இன்னா வந்துச்சு? நல்லாத்தான கீறேன். அங்கெல்லாம் காமிரா வுட்டுக்கினு, அசிங்கமா!"

"அக்காவும் இப்டி நெனச்சிக்கினுதான்டா சொல்லாம வுட்டுச்சு."

பிறகு, "நீயும் கூட வர்றியா?" என்று மட்டும் கேட்டான். வருகிற வியாழக்கிழமை போகிறோம்.

உன் மகள் தேவி வளர்ந்ததும், உனக்கு என்ன ஆனதென்று ஒளிக்காமல் சொல்வேன். நீ வாய்விட்டுச் சொல்லக் கூசிய வார்த்தைகளையெல்லாம் அவள் கூசாமல் சொல்லும்படி வளர்ப்பேன். இது சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
மல்லிகா