சற்றே இறங்கிய சுரம்

குரோனிங்கன்,
அக்டோபர் 9

அன்பு மகள் ஃபெம்கேவுக்கு,

அம்மா எழுதுகிறேன். முழங்கால் வலி தவிர எனக்குக் குறையொன்றுமில்லை. லிஸ்பன் வெயில் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? இங்கே மழை விட்டபாடில்லை. நகராட்சி ஒரு தெருவுக்கு அப்பாவின் பெயரை வைக்கப்போகிறதாம். எந்தத் தெரு என்று கேட்டால் மழுப்புகிறார்கள்.

அப்பா காலமானதிலிருந்து அவருடைய இசைத்தாள்களை ஒழுங்குபடுத்த, மாணவன் ஓனோ வாரந்தோறும் வருகிறான். நீ வயலினையும் விட்டு, வீட்டையும் விட்டுப் போன பிறகு சேர்ந்தவன். காப்பியோடு ஒரு பிஸ்கட் எடுத்ததும் டப்பாவை மூடுவதுதானே நம் வழக்கம்? இவன் இரண்டாவதுக்குக் கை நீட்டுகிறான். அன்றைக்கே எனக்கு ஆள் பிடிக்கவில்லை.

இப்போது அப்பாவின் கடைசிப் படைப்பு என்று ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறான். பக்கவாதத்தில் கை விழுந்த பிறகு அவர் வாயால் சொல்ல, இவன் எழுதினானாம். அது அவருடையதுதான் என்று நான் கையெழுத்திட்டால் அடுத்த மாதம் அரங்கேற்றம். "நீங்க ஒரு கையெழுத்து போட்டாப் போதும், மத்ததை நான் பாத்துக்கறேன்" என்கிறான். தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா? அதிலும், இதில் மெட்டு இருக்கிறதாம்! "மெட்டு வேணுமா? தெருவுல ஆர்கன் பெட்டி சுத்திக் காசு கேக்கறவன்கிட்ட போ" என்று மேடையிலேயே சொன்னவர் உன் அப்பா. எனக்கு எங்கேயோ இடித்தது.

கையும் களவுமாகப் பிடிக்கத்தான் நேற்று ஒத்திகைக்குப் போனேன். கிளாரினெட் தனியாக எழுந்தது. ஃபெம்கே, அது உன் சீழ்க்கை. சைக்கிளில் சந்து திரும்பும்போதே, பின்கதவைத் திறக்கச் சொல்லி அடிப்பாயே, அதேதான். உன்னுடையதைப் போலவே கடைசி சுரம் கொஞ்சம் இறங்கியே வந்தது. குழுவை நடத்துகிறவர் வாசிப்பை நிறுத்தி, இது பிழையா என்று கேட்டார். "இல்லைங்க, அது அப்படித்தான் இறங்கணும். நான் சரியா எழுதினப்போ சார் திட்டினார்" என்றான் ஓனோ. "அந்த சுரத்தை ஒழுங்காப் பிடி, இல்லேன்னா வாயை மூடு" என்று அதே அப்பா அந்த நாளில் உன்னிடம் கத்தியது என் காதில் கேட்டது. அழுதுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மறுபடி சந்தேகம். பன்னிரண்டு வருஷம் உன் பெயரையே எடுக்கவிடாதவர், உன் சீழ்க்கையை மனத்தில் வைத்திருந்தாரா? இல்லை, ஓனோ உன்னிடம் கேட்டு வாங்கி, என்னை மயக்குவதற்காகச் செருகினானா? போன கோடையில் அவன் லிஸ்பன் போய்வந்தான். விடுமுறை என்றான். முகத்தில் வெயில் பட்ட சுவடே இல்லை.

ஊரையெல்லாம் துருவித் துருவிக் கேட்பவள், உன்னைக் கேட்கப் பயப்படுகிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும். அவன் உன்னைச் சந்திக்கவில்லையென்றால், அரங்கேற்றத்துக்கு வா. சந்தித்திருந்தாலும் வா. வந்து, சந்திக்கவே இல்லை என்று சொல்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா ஃபிரௌகே