டாக்டரிடம் மஞ்சள் பூசாமல் போன நாள்

என்னை அடித்ததும் அணைத்ததும் ஒரே கையால் செய்த என் அக்கா கன்னியம்மாவுக்கு,

நீ இருந்திருந்தால் இதை நேரில் வந்து சொல்லி, பதிலுக்கு உன்னிடம் நாலு வாங்கிக்கட்டிக்கொண்டு போயிருப்பேன். இல்லாததால் எழுதுகிறேன். உனக்குப் படிக்க வராது. போன இடத்தில் யாராவது படித்துக் காட்டுவார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இங்கே எல்லோரும் இருக்கிறோம். உன் வீட்டுக்காரர், என் மாமா, நைலான் வலைக்கு மாறிவிட்டார். மாறியதிலிருந்து அதைத் திட்டிக்கொண்டேதான் இருக்கிறார். நான் அதே புதுப்பட்டினத்தில் அதே தையல் மெஷினோடு இருக்கிறேன். அணுமின் நிலையம் கட்டும் இடத்துக்கு எங்கெங்கிருந்தோ குடும்பங்கள் வந்துவிட்டன. பாஷை தெரியாத பெண்கள் ஜாக்கெட் தைக்க வருகிறார்கள். கழுத்து எவ்வளவு இறக்கம் என்பதைக் கையைக் காட்டியே முடிவு செய்கிறோம்.

விஷயம் மல்லிகாவைப் பற்றியது. உன் மகளுக்கு உன் நோய் வந்திருக்கிறது அக்கா. பதறாதே, முழுசும் கேள்.

அதற்கு முன்னால் உன் கதையை ஒரு தடவை சொல்லி வைக்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் ஊரில் அதை வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நீ மாமல்லபுரத்திலிருந்து பஸ் மேல் கூடையை ஏற்றி, செங்கல்பட்டு மார்க்கெட்டில் மீன் விற்ற காலத்தில் உன் சத்தம் தெருமுனை வரை கேட்கும். அந்தக் குரல்தான் முதலில் கெட்டது. கரகரவென்று ஆண்பிள்ளைக் குரல் மாதிரி ஆயிற்று. பிறகு உடம்பு ஊதியது. நீ சாப்பிடுவதோ ஒரு வேளை. நான் உன் ஜாக்கெட்டைப் பிரித்துப் பிரித்துத் தைத்து, கடைசியில் பிரிக்கத் துணியே இல்லாமல் போயிற்று. சித்திரை வெயிலில் துண்டைப் போர்த்திக்கொண்டு குளிருகிறது என்பாய். கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாய்.

"கன்னிம்மாக்கு இன்னா குறச்சல்? துன்னுட்டு துன்னுட்டுத் தூங்குது" என்றார்கள். நீ சிரித்து வைத்தாய். உனக்கு அது எவ்வளவு வலித்தது என்று எனக்குத்தான் தெரியும்.

டாக்டரிடம் போகாமலா இருந்தாய்? மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த டாக்டரிடம் மாதா மாதம் போனாய். போகிற விதம்தான் வேடிக்கை. மீன் நாற்றத்தோடு டாக்டர் எதிரில் நிற்கக் கூடாது என்பது நம் குப்பத்துப் பெண்களுக்கு எழுதாத சட்டம். அன்றைக்கு வியாபாரத்துக்குப் போக மாட்டாய். வறண்டு வெடித்த கைகால்களுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாய். வெளுத்துப் போன முகத்தில் மஞ்சளை அப்புவாய். உதிர்ந்த புருவத்துக்கு மை, உதட்டுக்கு வெற்றிலைச் சிவப்பு. முடி கொட்டிச் சிறுத்த கொண்டையைச் சுற்றி ஒரு பந்து மல்லிப்பூ. கரகரப்பு தெரியாமலிருக்க, உள்ளே கூப்பிடும் வரை கற்கண்டு சப்புவாய். டாக்டர் எதைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டுமோ அதையெல்லாம் மரியாதைக்காக மறைத்துவிட்டு, அவர் எதிரில் போய் நிற்பாய்.

அவர், "எப்படிம்மா இருக்கு?" என்பார்.

"சுமாரா கீதுங்க ஐயா."

அவர் டானிக் எழுதுவார், சோற்றைக் குறைக்கச் சொல்வார். வெளியே நூறு பேர் காத்திருப்பார்கள். பளபளவென்று கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி வந்து நிற்கிறவளைப் பார்த்து அந்த மனுஷன்தான் என்ன நினைப்பார்?

பிறகு அந்த நாள் வந்தது. நான் நூல் வாங்க செங்கல்பட்டு வந்திருந்தேன், அதனால் கண்ணால் பார்த்தேன். நீ கூடையருகில் தூங்கிவிட்டாய். நாய் ஒன்று வஞ்சிரத்தைக் கவ்விக்கொண்டு ஓடியது. எழுந்து விரட்டக் கத்தினாய். வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. மார்க்கெட்டே சிரித்தது. உன் கண்ணில் தண்ணீர் வந்ததை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன், அக்கா. அடுத்த நிமிஷம் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நேரே டாக்டர் வீட்டுக்கு நடந்தாய். கையில் செதில், புடவையில் மீன் தண்ணீர். நான் பின்னாலேயே ஓடி வந்தேன்.

கம்பவுண்டர் மூக்கைப் பொத்தினான். "கூடையோட எங்கம்மா போற? வெளிய குந்து!"

"குந்தறதுக்கு வர்ல. தள்ளு."

உள்ளே போய்க் கூடையை அவர் மேஜைக்குப் பக்கத்தில் இறக்கினாய். அந்த உடைந்த குரலில் நீ சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"ஐயா, நீ குடுத்த டானிக்க குட்ச்சு எனக்கு ஒண்ணும் ஆவல. சோறு துன்னு நான் ஊதல. ஒரு வேளதான் துன்றேன். வெய்யில்ல குளுருது. குந்துன எடத்துல தூங்கறேன். என் தொண்ட போச்சு, என் பொயப்பும் போவுது. இது இன்னான்னு சொல்லு. தெர்லன்னா தெர்லன்னு சொல்லு, நான் மெட்ராசுக்குப் போறேன்."

திட்டித் துரத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, உன்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தக் குரல் எப்போலேர்ந்தும்மா இப்படி இருக்கு?"

பிறகு உன் கையைத் தடவிப் பார்த்தார், கண் ரப்பையை அழுத்திப் பார்த்தார், கணுக்காலுக்குப் பின்னால் சின்னச் சுத்தியலால் தட்டினார். ரத்தம் மெட்ராசுக்குப் போனது. தொண்டையில் தைராய்டு என்று ஒரு சுரப்பி இருக்கிறது, அது வேலையை நிறுத்திவிட்டது, அது சுரக்க வேண்டியதைத்தான் மாத்திரையாகக் கொடுக்கிறேன், தினமும் காலையில் வெறும் வயிற்றில், ஆயுசுக்கும் என்று சொன்னார். "ஆயுசுக்குமா?" என்று அங்கேயும் ஒரு சண்டை பிடித்தாய்.

மெதுவாகத்தான் ஆனாலும், நீ திரும்பி வந்தாய். ஜாக்கெட்டை நான் திரும்பச் சின்னதாக்கினேன். ஒருநாள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே உன் சத்தம் கேட்டது. யாரோ சங்கரா மீனுக்கு அடிமாட்டு விலை கேட்டிருக்கிறான். அவன் பரம்பரையையே இழுத்துப் பேசிக்கொண்டிருந்தாய். சந்தோஷத்தில் நான் நடுரோட்டில் நின்று அழுதேன்.

போன மழையில் உனக்கு விஷக்காய்ச்சல் வந்தது. அதே டாக்டர்தான் பார்த்தார். மழையில் பஸ் இல்லாமல் உன்னைக் கொண்டுபோகத் தாமதமாகிவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் பதினாறாம் நாள் முடிவதற்குள் ஊர் ஒரு கதை கட்டிவிட்டது: "தெனம் மாத்தர துன்னா உடம்பு இன்னாத்துக்கு ஆவும்? அதான் அவள கொண்டுகினு பூட்ச்சு." மாமாவும் அதை நம்பினார். மிச்சமிருந்த மாத்திரைகளைக் கடலில் வீசினார். சாவுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது அவருக்கு. நான் கோபித்துக்கொள்ளவில்லை.

தை மாதம் உன் வீட்டுக்குப் போயிருந்தபோது மல்லிகா அடுப்பெதிரில் உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். "இன்னாடி?" என்று எழுப்பினேன். "ஒண்ணுமில்ல சின்னம்மா" என்றாள். உன் பழைய கரகரப்புக் குரல், அக்கா. ஊர்ப் பெண்களோ, பெண் பூசினாற்போல் அழகாகிவிட்டாள், மாப்பிள்ளை பார்க்கலாம் என்றார்கள்.

மாமாவிடம் சொன்னேன். "அந்த மாத்தர பேச்ச எடுக்காத சரசு. ஒருத்திய குடுத்தது போதும்."

"அக்கா காய்ச்சல்ல போச்சு மாமா."

"காய்ச்ச எல்லாருக்கும்தான் வருது. எல்லாருமா சாவறாங்க?"

அதை விளக்க நான் டாக்டரா? நாள் தவறாமல் போய் வந்து கெஞ்சினேன். கடைசியில், "மாத்தர வேணாம். கேட்டுகினு மட்டும் வரலாம், நீயும் வா" என்றேன். அதற்கு வந்தார்.

பஸ் ஸ்டாண்டில் பெண்ணைப் பார்த்தால் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமாவின் தங்கை சிங்காரித்து அனுப்பியிருக்கிறாள். முகம் முழுக்க மஞ்சள், தலை நிறையப் பூ, கண்ணில் மை. அப்படியே நீ! டாக்டர் வீட்டு வாசல் குழாயடியில் நிறுத்தி, "மொகத்த நல்லா தேச்சுக் கழுவு" என்றேன். மாமா முறைத்தார். "டாக்டரு எதிர்ல மூஞ்சிய இப்டியா காட்டுவாங்க?" நான் காது கேளாதவள் போல அவள் தலையிலிருந்த பூவை எடுத்துக் கைப்பையில் போட்டேன். மஞ்சள் கரைந்த பிறகுதான் அவள் முகம் எவ்வளவு வெளுத்து வீங்கியிருக்கிறது என்று அவரும் பார்த்தார்.

உள்ளே டாக்டர் கேட்டதும் பழக்கதோஷம், மாமா ஆரம்பித்துவிட்டார். "நல்லாத்தாங்க கீது கொழந்த..."

"இல்ல நைனா" என்றாள் மல்லிகா. குளிர், தூக்கம், தலைமுடி, மாதத் தூரம் சரியாக வராதது, ஒன்று விடாமல் சொன்னாள். பிறகு நான் சொல்லிக்கொடுக்காத ஒன்றைக் கேட்டாள்.

"எங்கம்மாவ இந்த மாத்தரதான் கொன்னுட்ச்சுன்னு ஊர்ல சொல்லிக்கினு கீறாங்க. நெசமா சார்?"

டாக்டர் மாமாவைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "இல்லம்மா. உங்கம்மாவைக் கொண்டுபோனது காய்ச்சல். மாத்திரையால அவங்களுக்கு நல்லதுதான் நடந்துது. அன்னிக்கு அவங்க கூடையோட உள்ள வந்து சத்தம் போடலன்னா, நான் இன்னும் டானிக்தான் எழுதிக்கிட்டிருந்திருப்பேன்."



ரத்தம் மெட்ராசுக்குப் போய், முடிவு வந்துவிட்டது. நாம் பயந்ததுதான். மாத்திரையும் வாங்கியாயிற்று. வாங்கினால் போதுமா, மாமா கொடுக்கவிடுவாரா என்ற கவலையில் இன்று காலை முதல் பஸ்ஸிலேயே போனேன். கட்டுமரம் அப்போதுதான் கரையேறியிருந்தது. கரையில் மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. மாமா அங்கே இல்லை. உடம்பெல்லாம் உப்பும் மணலுமாக உன் வீட்டு அடுப்படியில் நின்றிருந்தார், கையில் ஒரு லோட்டா தண்ணீர்.

"நாஸ்தா துன்னுட்டியா?" என்று மகளைக் கேட்டார்.

"இல்ல நைனா."

மாத்திரையை அவரே எடுத்துக் கொடுத்தார். விழுங்கியதும், "வாயத் தொற" என்றார், சின்னக் குழந்தையைக் கேட்பது போல. அவள் திறந்து காட்டினாள். குனிந்து பார்த்துவிட்டு, "உள்ள பூட்ச்சு" என்று என்னிடம் சொன்னார். பிறகுதான் மீனைப் பார்க்கப் போனார்.

அக்கா, நான் உயிரோடு இருக்கும் வரை உன் மகள் எந்த டாக்டர் எதிரிலும் மஞ்சள் பூசிக்கொண்டு நிற்க மாட்டாள். அவளுக்கு எது வலிக்கிறதோ அதை அவள் வாயாலேயே சொல்வாள். சொல்லி முடிக்கும் வரை, பூவைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

உனக்கு அடுத்துப் பிறந்து, உன் பழைய பாவாடையை உடுத்தி வளர்ந்த தங்கச்சி,
சரசு